இரண்டாவது கஸ்கற்

பிளக்கைக் கழற்றி மூக்கடியில் பிடித்தார் நீக்கிலாப்பிள்ளை. கண்ணை மூடிக்கொண்டு ஒரு நீண்ட இழுவை. எந்த மோட்டார்சைக்கிள் வந்தாலும் முதலில் மணம்தான். உடையவன் சொல்லுகிற முறைப்பாடெல்லாம் அதற்குப் பின்னால்.

"இழுக்குதில்லை அண்ணை. கோப்பாய் வெளியில காத்துக்கு எதிரா வரேக்க, பெட்டிக்குள்ள கிடக்கிற மீன் இறங்கித் தள்ளவேணும் போலை கிடக்கு," என்றான் ஜெரிசன். குருநகர்க் கரையில் மீன் எடுத்துத் தோட்டக்கார ஊர்களில் கொண்டுபோய் விற்பவன்.

"நீ பொறு. அது சொல்லட்டும்."

பிளக்கைத் திரும்பப் பூட்டி, எஞ்சினின் ஹெட்டும் சிலிண்டரும் சேருகிற இடத்தில் சவர்க்காரத் தண்ணீர் தடவி, உதைகட்டையைக் கையால் அமத்தினார். நுரை பொங்கியது.

"கஸ்கற் போட்டுது," என்றார். இரண்டுக்கும் நடுவில் காற்றுப் போகாமல் அடைக்கிற மெல்லிய தகடு பிளந்துவிட்டது.

வீட்டு முன்விறாந்தைதான் அவருடைய கராஜ். கவிழ்த்துவைத்த பற்றரிக் கோதொன்று இருக்கை. சாரத்தை மடித்துக் கட்டியிருப்பார். அதில் கை துடைக்கமாட்டார், தலைமயிரில்தான் துடைப்பார். அதனால் நரைத்த தலை எப்போதும் பாதி கறுப்பு. இத்தனை வண்டி திருத்தியும் தான் போவது சைக்கிளில். ஏனென்று கேட்டால், "உள்ளுக்கை என்ன நடக்குதெண்டு தெரிஞ்சவன் அதிலை ஏறுவானே?" என்பார்.

ஹெட்டின் நாலு மூலையிலும் நாலு நட்டு. நெற்றி, நெஞ்சு, இடந்தோள், வலந்தோள் என்று அவற்றுக்குப் பெயர் வைத்திருக்கிறார். சிலுவை போடுகிற அந்த ஒழுங்கில்தான் தளர்த்துவார், இறுக்குவார். குறுக்குக்குறுக்காக இறுக்காவிட்டால் ஹெட் வளைந்துவிடும் என்பதுதான் விசயம். சைவக்காரரின் வண்டிக்கும் இதே ஒழுங்கு. அளவெட்டித் தவில்காரர் ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "என்ரை வண்டிக்குக் கொஞ்சம் திருநீறும் பூசிவிடும்," என்றிருக்கிறார்.

ஹெட் கழன்று வந்தது. ஒட்டிக்கிடந்த கஸ்கற்றை பிளேட்டால் கிளப்பினார். ஓரத்தில் கருகி வாய் பிளந்திருந்தது. அதை எடுத்து ஒருபுறம் வைத்தார். அடியில் இன்னொன்று இருந்தது.

நீக்கிலாப்பிள்ளை பிளேட்டைக் கீழே வைத்தார்.

பெற்றோல் வராத சண்டைக்காலத்தில் யாழ்ப்பாணம் முழுக்க மண்ணெண்ணெயில் ஓடியது. ஒற்றைக் கஸ்கற்றோடு மண்ணெண்ணெய் ஊற்றினால் எஞ்சின் இடிக்கும். இரண்டைச் சேர்த்து வைத்தால் உள்ளே அழுத்தம் குறைந்து, இருமி இருமியாவது ஓடும். அந்த நாட்களில் அவர் இரண்டுக்குக் குறைய வைத்ததே இல்லை. பெற்றோலில் ஓடுகிற வண்டிக்கு அது ஆகாது. இழுவை போய்விடும், இரண்டுக்கும் நடுவால் வெடித்தும் விடும்.

"உந்த ரெண்டாவதை ஆர் போட்டது?" என்றார்.

"வேறை ஆர்? போன மாரிக்கு முன்னம் நீங்கள்தானே போட்டனீங்கள். வேறை கராஜ் வாசல் நான் மிதிக்கேல்லை."

"நான் ஒண்டுதான் போட்டனான்."

"அப்ப மற்றது குட்டி போட்டிருக்கும்."

கஸ்கற் வைக்கும்போது ஆணியால் அதன் ஓரத்தில் சின்னச் சிலுவை ஒன்று கீறிவிடுவது அவர் பழக்கம். முதலாவதைத் துடைத்தார். சிலுவை இருந்தது. இரண்டாவதைத் துடைத்தார். அதிலும் இருந்தது.

லூர்த்தம்மா தேநீரோடு வந்தாள். புருசனின் முகத்தைப் பார்த்துவிட்டு இரண்டு தகடுகளையும் பார்த்தாள். அவளுக்கும் அந்தக் காலம் தெரியும்.

"நேற்று என்ரை தேத்தண்ணிக்கும் ரெண்டு தரம் சீனி போட்டனீங்கள். நான் பேசாமல் குடிச்சனான். கோயில் பூசையிலயும் ரெண்டு தரம் நாக்கை நீட்டி நன்மை எடுக்கப் போறியளோ எண்டு பயந்துகொண்டுதான் இருக்கிறன்."

ஜெரிசன் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை. மாரிக்குப் பிறகு எத்தனை ஹெட் கழற்றிப் பூட்டியிருக்கிறார். எல்லாவற்றையும் இறுக்கின ஞாபகம் இருக்கிறது. வைத்த ஞாபகம் ஒன்றிலும் இல்லை. கை வைத்திருக்கும். கையிடம் அவர் எப்போதாவது கேட்டாரா? அதை நம்பமுடியாதென்றால் நாளைக்கு இந்த விறாந்தையைத் திறந்து என்ன செய்வது?

சுவரில் ஆணியில் கொழுவியிருந்த கஸ்கற்றுகளில் ஒன்றை எடுத்தார். சிலுவை கீறினார். வைத்தார். ஹெட்டை இறக்கினார். நெற்றி, நெஞ்சு, இடந்தோள், வலந்தோள். கடைசி நட்டிலிருந்து ஸ்பனரை எடுக்கும்போதே சந்தேகம் வந்துவிட்டது.

"ஜெரிசன், நான் ஒண்டுதானே வைச்சனான்?"

அவன் தலையை நிமிர்த்தினான். போன் பார்த்துக்கொண்டிருந்தான். "நான் பாக்கேல்லை அண்ணை."

"ஆணியிலை எத்தினை கிடந்தது?"

"எனக்கென்னெண்டு தெரியும்? மீன் எத்தினை கிடக்கெண்டு கேளுங்கோ, சொல்லுறன். அது நாறத் துவங்கீட்டுது எண்டும் சொல்லுவன்."

திரும்பவும் கழற்றினார். ஒன்றுதான் இருந்தது. ஒருக்கால் இறுக்கி நசிந்த கஸ்கற் மறுபடி உதவாது. நல்ல தகட்டை எறிந்துவிட்டு இன்னொன்று எடுத்தார். இந்தமுறை, "பார், வடிவாப் பார். எத்தினை?" என்று அவன் மூக்குக்கு நேரே பிடித்தார்.

"ஒண்டு அண்ணை," என்றான் ஜெரிசன். இப்போது அவனும் சிரிக்கவில்லை.

வண்டி முதல் உதையிலேயே பிடித்தது. அவன் போன பிறகும் நீக்கிலாப்பிள்ளை பற்றரிக் கோதில் இருந்து வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் வழமைபோல விறாந்தையைத் திறந்தார். தவில்காரருக்கு போன் எடுத்து, சும்மா பார்க்கவேண்டும், வண்டியைக் கொண்டுவாரும் என்றார். போன தைப்பூசத்துக்கு முந்தி நீக்கிலாப்பிள்ளை கழற்றிப் பூட்டிய ஹெட் அது. தவில்காரர் பத்து மணிபோல வந்தார். வண்டியில் ஒரு பிழையும் இல்லை என்றார். ஹெட்டைக் கழற்றிப் பார்த்தபோது கஸ்கற் ஒன்றுதான் இருந்தது, ஓரத்தில் சிலுவையோடு. ஏன் அதில் ஒன்று, ஜெரிசனின் வண்டியில் இரண்டு என்பது அவருக்கு விளங்கவில்லை.

விறாந்தைச் சுவர் ஆணி வெறுமையாக இருந்தது. ஒவ்வொன்றாய் அவள் எண்ணித் தரட்டும் என்று கஸ்கற்றுகளை எல்லாம் முதல்நாளே குசினிக்குள், லூர்த்தம்மாவின் கைக்கு எட்டுகிற ஆணியில் மாற்றிக் கொழுவியிருந்தார்.

குசினி வாசலில் வந்து நின்று, "இஞ்சாரும், ஒண்டு தாரும்," என்று கையை நீட்டினார். கண் வெளியே நின்ற வண்டியில் இருந்தது. லூர்த்தம்மா ஒன்றைக் கழற்றி அவருடைய உள்ளங்கையில் வைத்துவிட்டு அடுப்பின் பக்கம் திரும்பினாள். பிறகு திரும்பிப் பார்த்தாள்.

உள்ளங்கையில் தகடு கிடக்க, கை இன்னமும் ஒன்று வாங்குவதற்கு விரித்தபடியே நீண்டிருந்தது.