ஆடு இல்லாத ஆட்டுக்காரன்

ஒரு நாள் வேலை முடிந்து ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தேன்.

பஸ் நிற்கும் இடத்திலிருந்து எங்கள் தாமான் குடியிருப்பு வரை கல் சாலை. அதில் எங்கோ இடது கால் செருப்பு கழன்று விழுந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. வாசலில் நின்ற என் மனைவி ராஜம்மாதான் பார்த்தாள்.

“இன்னொண்ணு எங்க?”

“எது?”

“செருப்புலா. கால் வந்திருக்கு, செருப்பு வரல.”

குனிந்து பார்த்தேன். அவள் சொன்னது சரிதான். “அது பின்னால மெதுவா வருது” என்றேன். அவள் சிரிக்கவில்லை. என் பேச்சுக்குச் சிரிப்பதை அவள் எப்போதோ நிறுத்திவிட்டதால், அதை ஒரு நோய்க்குறியாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. செருப்பு கழன்றதையும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. திரும்பிப் போய்த் தேடினேன். கிடைத்தது. மாட்டிக்கொண்டு வந்தேன். அதோடு விஷயம் முடிந்தது என்று நினைத்தேன்.

இதைப் படிக்கிற உங்களில் யாருக்காவது செருப்பு இப்படிச் சொல்லாமல் போயிருந்தால், தயவுசெய்து செருப்பைத் தேடாதீர்கள். நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சில மாதம் கழித்துப் பல்கலைக்கழகத்திலிருந்து சிலர் எங்கள் தாமான் மண்டபத்துக்கு வந்தார்கள். ரப்பர் தோட்டத்தை விட்டு ஈப்போவுக்குப் பிழைக்க வந்தவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள், எவ்வளவு நடக்கிறார்கள், உடம்பு எப்படி இருக்கிறது என்று ஓர் ஆராய்ச்சி. நான் அறிவியலுக்கு உதவப் போனேன் என்று சொல்லலாம். ரத்தம் கொடுத்தால் மீஹூன் சாப்பாட்டுப் பொட்டலம் தருகிறார்கள் என்று பக்கத்து வீட்டு மணியம் சொன்னதால் போனேன் என்பதுதான் உண்மை.

மேசைமேல் பிளாஸ்டிக்கில் செய்த சோறு இருந்தது. சின்னக் குவியல், நடுக் குவியல், பெரிய குவியல். ஓர் இளம் தமிழ் டாக்டரம்மா உட்கார்ந்திருந்தார்.

“ஒரு வேளைக்கு நீங்க சாப்பிடறது இதுல எது ஐயா?”

“இதுக்கு மேல சைஸ் இல்லையாம்மா?”

அவர் பெரிய குவியலின் மேல் நடுக் குவியலைத் தூக்கி வைத்தார். நான் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சின்னதையும் வைக்கச் சொன்னேன். பின்னால் வரிசையில் நின்ற மணியம் சத்தமாகச் சிரித்தான்.

“ஒரு நாளைக்கு எவ்வளவு நடப்பீங்க?”

கோப்பெங் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்தைச் சொன்னேன். மேடும் பள்ளமுமான காடு. தோளில் காண்டாக் கம்பு, அதன் இரு முனையிலும் வாளி நிறையப் பால். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்கும் வரை அப்படித்தான்.

“இப்ப?”

“இப்ப ஃபேக்டரியில ஜாகாம்மா, காவல் வேலை. கேட்டுல உக்காந்திருக்கணும். நடந்தா வேலை போயிரும்.”

“வேலை மாறிடுச்சு. தட்டு மாறல” என்றார் அவர், எழுதிக்கொண்டே. எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. தட்டு நல்ல தட்டு. எதற்கு மாற்ற வேண்டும்?

விரலில் குத்தி ரத்தத்தை ஒரு பட்டையில் தடவினார். அதன் நிறத்தைப் பார்த்தார். பிறகு இன்னொரு விரல் கேட்டார். ஊசி இரண்டாம் முறை வருவதைப் பார்த்ததும் மணியத்துக்கு எங்கோ அவசர வேலை வந்துவிட்டது. போகும்போது பொட்டலத்தை எடுக்க மட்டும் மறக்கவில்லை.

“கண்ண மூடிக்குங்க ஐயா. பாதத்தத் தொடுவேன். தொடும்போது சொல்லுங்க.”

மூடிக்கொண்டேன். காத்திருந்தேன். பொறுமை போயிற்று.

“எப்பம்மா தொடுவீங்க?”

“தொட்டு முடிச்சிட்டேன் ஐயா.”

இனிப்புநீர் (ரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறி நிற்கும் நோய்). அது வெகுநாளாக உள்ளே இருந்து, காலில் நரம்பு மரத்துப்போயிருக்கிறது (தொட்டாலும் சுட்டாலும் மூளைக்குச் சேதி போகாது) என்றார். அதற்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் என் காதில் விழவில்லை. நான் என் மச்சான் ஆறுமுகத்தை நினைத்துக்கொண்டிருந்தேன். ராஜம்மாவின் அண்ணன். தெலுக் இந்தானில் இருக்கிறார். நாங்கள் இன்னும் தெலுக் அன்சன் என்றுதான் சொல்வோம். இதே நோயில் முழங்காலுக்குக் கீழே ஒரு கால் போனவர்.

அன்று வீட்டில் நான் போட்ட ஆட்டத்தை எழுத வெட்கமாக இருக்கிறது. இடது காலைத் தலையணைமேல் விருந்தாளி மாதிரி படுக்க வைத்தேன். ராஜம்மாவைக் கூப்பிட்டு, என் கால்சட்டையை எல்லாம் ஒரு பக்கம் குட்டையாக்கத் தைக்கத் தெரியுமா என்று கேட்டேன். “முதல்ல காலு போவட்டும், அப்புறம் தைக்கலாம்” என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது, ஆனால் அவள் அதை அடுப்படியில் வைத்துக்கொண்டாள்.

டாக்டரம்மா எழுதிக் கொடுத்த அட்டையோடு மருந்தகத்துக்குப் போனேன். மாத்திரை கொடுத்தார்கள். சோற்றைக் குறை, சீனியை விடு, தினமும் நட என்றார்கள். கேட்கச் சுலபமாக இருந்தது.

சோறு வேண்டாம் என்றதும் ராஜம்மா சப்பாத்தி போட்டாள். அடுக்கடுக்காகப் போட்டாள். கூடவே உருளைக்கிழங்கு. “டாக்டர் சோத்தத்தான வேணாம்னாரு?” சீனியை விடலாம் என்று சாப்பாட்டுக் கடையில் “தே ஓ கோசோங்” கேட்டேன். பாலும் சீனியும் இல்லாத வெறும் தேத்தண்ணி. கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஒலிபெருக்கியில் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு சீக்கிரம் பரவியிருக்காது. ஒருவர் வேப்பிலை என்றார், ஒருவர் பாகற்காய் என்றார், ஒருவர் ஏதோ மரத்து விதையை மெல்லச் சொன்னார். எல்லாரும் சொல்லி முடித்துவிட்டு, எனக்கு ஆறுதலாக ஒரு பால் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தார்கள்.

சாப்பாட்டை ஒருவழியாகச் சமாளித்தேன். நடப்பதுதான் முடியவில்லை. என்னால் முடியவில்லை என்று சொல்லவில்லை. என்னை விடவில்லை.

எங்கள் பக்கம் சும்மா நடக்கிறவன் கிடையாது. நடக்கிறான் என்றால் மோட்டார் சைக்கிள் கெட்டுப்போயிருக்க வேண்டும், இல்லை பெண்டாட்டியோடு சண்டையாக இருக்க வேண்டும். முதல் நாள் மூலை திரும்புவதற்குள் மணியம் மோட்டாரை நிறுத்தினான்.

“ஏறுங்கண்ணே. எங்க போவணும்?”

“எங்கயும் போவல. சும்மா நடக்கறேன்.”

“சும்மாவா? ஏறுங்கலா, விட்டுடறேன்.”

“எங்க விடுவ? எங்கயும் போவலன்னு சொல்றேன்ல.”

“பரவால்லண்ணே, அங்கயே விடறேன்.”

என்னை ஏற்றிக்கொண்டு போய் வீட்டு வாசலிலேயே இறக்கிவிட்டான். மறுநாள் இன்னொருவர். அதற்கு மறுநாள் ஒரு லோரி. நடக்கப் புறப்பட்ட நான் என் வாழ்நாளிலேயே அதிகமாக வண்டியில் போனது அந்த வாரம்தான். வேண்டாம் என்று அடித்துச் சொன்னால் மனம் நோகிறார்கள். இதற்குள் நானும் ராஜம்மாவும் பேசிக்கொள்வதில்லை என்ற செய்தி ராஜம்மாவுக்கே வந்துசேர்ந்தது.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. ஒரு சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டேன். கையில் புல் அறுக்கிற அரிவாள். ஈயம் தோண்டிய பள்ளத்தில் தண்ணீர் நிற்கும் பழைய ஈயக் குட்டைப் பக்கமாக நடந்தேன். மணியம் எதிரே வந்தான். “ஆட்டுக்கா அண்ணே?” என்றான். “ம்” என்றேன். நிற்காமல் போய்விட்டான். வேலையாகப் போகிறவனை யாரும் தடுப்பதில்லை. என்னிடம் ஆடு இல்லை என்பது யாருக்கும் தோன்றவில்லை.

பொய் நன்றாக ஓடியது. பிறகு ஒருவர் தீபாவளிக்கு ஒரு கிடா சொல்லி வைத்தார். இன்னொருவர், ஆடு எங்கே கட்டியிருக்கிறேன் என்று விசாரித்தார். வேறு வழியில்லாமல் ஒரு பெட்டைக் குட்டி வாங்கினேன். அதற்கு டாக்டர் என்று பெயர் வைத்தேன். அதுவும் நான் சொல்வதைக் காதில் வாங்காது, நட என்று மட்டும் சொல்லும். மழையானாலும் கத்தும். உடம்பு இளைத்தது. மருந்தகத்தில் சர்க்கரை இறங்கியிருப்பதாகச் சொன்னார்கள். நான் தாமானுக்கே புத்தி சொல்லக் கிளம்பிவிட்டேன்.

இங்கேதான் கவனமாகப் படிக்க வேண்டும்.

ஒரு நாள் புல்லறுத்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். ராஜம்மா வீட்டைக் கழுவ வந்தவள் நின்றாள். சிமெண்டுத் தரையில் ரத்தம்.

“யாரு காலுலங்க ரத்தம்?”

“ஆட்டுக்கு அடிபட்டிருக்கும்” என்றேன். எழுந்து போய் ஆட்டின் நான்கு கால்களையும் தூக்கிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. “உன் காலப் பாரு” என்றேன். அவளுக்கும் இல்லை. இருவருமாகத் தேடினோம். தேடத் தேட ரத்தம் அதிகமாகிக்கொண்டே போனது. கதவோரம், அடுப்படி, நான் போன இடமெல்லாம். கடைசியில் தடம் போய் நின்ற இடத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன்.

செருப்பைத் துளைத்து ஒரு முள் சுண்டுவிரலுக்கு அடியில் ஏறியிருந்தது. அது அன்று ஏறியதல்ல. சுற்றிலும் சீழ் வைத்திருந்தது. ராஜம்மா மூக்கைப் பொத்திக்கொண்டாள். எனக்கு வலி என்று ஒன்றுமே இல்லை. வலித்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

ஆஸ்பத்திரியில் எனக்கு வாய்த்தவர் சீன டாக்டர். மலாயில் பேசினார். விரல் புரையோடிவிட்டது (சதை உயிரற்று அழுகுவது), அதை எடுக்க வேண்டும் என்றார். மேலே பரவியிருந்தால் பாதத்தையும் எடுக்க வேண்டி வரலாம், பொறுத்துப் பார்ப்போம் என்றார்.

“நடக்கச் சொன்னீங்க, நடந்தேன்” என்றேன் என் உடைந்த மலாயில்.

“நடக்கத்தான் சொன்னோம். காலைப் பார்க்காமல் நடக்கச் சொல்லவில்லை.”

“பார்க்கச் சொல்லலையே?”

அவர் என் பழைய அட்டையைப் புரட்டி, சொல்லியிருக்கிறார்கள் என்றார். மண்டபத்தில் டாக்டரம்மா பேசப் பேச நான் மச்சான் காலை நினைத்துக்கொண்டிருந்த அந்த நேரமாக இருக்கும்.

இனி அசையவே கூடாது என்று கட்டிலில் போட்டார்கள். விரலை எடுத்தார்கள். பாதத்தின் கணக்கு முடியவில்லை. தினமும் கட்டைப் பிரிக்கும்போது நான் டாக்டரின் முகத்தைத்தான் பார்ப்பேன், காலைப் பார்க்கமாட்டேன். வார்டில் எல்லாரையும் சிரிக்க வைத்தேன். கட்டு பிரிக்கும் வண்டியின் சக்கரச் சத்தம் கேட்டால் மட்டும் வாய் ஒட்டிக்கொள்ளும்.

மச்சான் பஸ் பிடித்து வந்தார். கக்கத்தில் கட்டையை ஊன்றி வார்டின் நீளத்துக்கும் அவர் நடந்து வருவதைப் பார்க்கப் பிடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

“என்ன மச்சான், கண்ணும் போச்சா?” என்றபடி கட்டிலில் உட்கார்ந்தார்.

“பயமா இருக்கு மச்சான்.”

அவர் என் பாதத்தைத் தட்டினார். “தெரியுதா?”

“இல்ல.”

“எனக்கு இல்லாத காலு அரிக்குது. ராவும் பகலும். சொறியலாம்னா காலு இல்ல. உனக்குக் காலு இருக்கு, அரிக்கல. ரெண்டு பேரையும் சேத்துத் தச்சா ஒரு முழு ஆளு தேறும்லா.”

சிரித்தேன். சிரிப்பு நடுவில் வேறு மாதிரி ஆகிவிட்டது. அவர் கண்டுகொள்ளாமல் எனக்கு வைத்திருந்த ரொட்டியை எடுத்துச் சாப்பிட்டார்.

“நான் பாக்கல மச்சான்” என்றார் பிறகு. “ஒரு நாளும் குனிஞ்சு பாக்கல. எரியல, வலிக்கல, நல்லாதான இருக்குன்னு விட்டுட்டேன். நீ பாரு.”

பாதம் தப்பியது. புண் ஆற மாதக்கணக்காயிற்று. அதுவரை ராஜம்மாதான் திட்டிக்கொண்டே ஆட்டை ஓட்டிப் போனாள். நான் திரும்ப நடக்கத் தொடங்கியபோது கால் முழுக்க மூடுகிற சப்பாத்து போட்டுக்கொண்டேன். சப்பாத்து போட்ட ஆட்டுக்காரனை எங்கள் தாமான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அடுத்த ஆண்டு அந்த ஆராய்ச்சிக்காரர்கள் மறுபடி வந்தார்கள். அதே டாக்டரம்மா, அதே பிளாஸ்டிக் சோறு. நான் நடுக் குவியலைக் காட்டினேன். உடற்பயிற்சி உண்டா என்றார். கதையைச் சொன்னேன். “ஆடு மேய்ப்பதுன்னு போட்டுக்கவா ஐயா?” என்றார். போட்டுக்கொள்ளச் சொன்னேன்.

இந்த முறை மணியத்தால் ஓட முடியவில்லை. அவன் மனைவி கதவை அடைத்துக்கொண்டு நின்றாள். அவனிடம் இன்னொரு விரல் கேட்டதை நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவனும் பார்த்தான். பொட்டலத்தை எடுக்காமல் போய்விட்டான்.

மறு வாரம் ஈயக் குட்டைப் பக்கம் ஆட்டை ஓட்டிக்கொண்டு போனேன். எதிரே மணியம் நடந்து வந்தான். மோட்டார் இல்லை. தோளில் ஒரு சாக்கு, கையில் அரிவாள். சாக்கு காலியாக இருந்தது. அரிவாளில் கடை விலைச்சீட்டு ஒட்டியிருந்தது.

“புல்லு அறுக்க அண்ணே” என்றான், நான் கேட்காமலே.

“ஆட்டுக்கா?”

“ம்.”

அவனிடம் ஆடு இல்லை என்று நான் சொல்லவில்லை. டாக்டரின் கயிற்றை அவன் கையில் கொடுத்தேன்.

“கல்லுமேல உக்காரு. செருப்பக் கழட்டு.”

“எதுக்குண்ணே?”

“கழட்டுலா.”

அவன் உள்ளங்காலைத் தூக்கி வெயிலில் திருப்பினேன். விரல் இடுக்கெல்லாம் விலக்கிப் பார்த்தேன். “கூசுதுண்ணே” என்று காலை இழுத்தான். அந்தச் சொல்லைக் கேட்டு நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது அவனுக்குப் புரிந்திருக்காது.

பிறகு என் சப்பாத்தைக் கழற்றி, சட்டைப்பையில் இருந்த ராஜம்மாவின் சின்னக் கண்ணாடியை எடுத்து என் பாதத்துக்கு அடியில் பிடித்தேன். பாதி வயது தாண்டும் வரை என் உள்ளங்காலை நான் பார்த்ததே இல்லை. இப்போது என் முகத்தைவிட அது எனக்கு நன்றாகத் தெரியும். அதற்கு வாய் இல்லை. நான்தான் போய் விசாரிக்க வேண்டும். முன்பெல்லாம் ஒரு நாள் என்பது வேலை முடிந்ததும் முடியும். இப்போது கண்ணாடியில் பார்த்து, ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகுதான் முடிகிறது.

அன்று ஒன்றுமில்லை. சப்பாத்தை மாட்டிக்கொண்டேன். ஆடு இழுத்தது. இருவரும் எழுந்து நடந்தோம். பின்னால் ஒரு மோட்டார் வந்து வேகத்தைக் குறைத்தது. ஆட்டைப் பார்த்துவிட்டு நிற்காமல் போயிற்று.