நோரீன் சித்தி மாற்றிய அட்டை

என் சித்தி நோரீன் ஹெஷனுக்கு வயது ஐம்பத்து நான்கு. மாத்திரைகளை அட்டையில் அடைக்கும் இயந்திரங்களைச் சரிபார்ப்பது அவள் வேலை. அவற்றைச் செய்யும் தொழிற்சாலை அயர்லாந்தில் எங்கள் ஊரான லிமெரிக்கில், அவற்றை வாங்கும் கம்பெனி அமெரிக்காவின் பாஸ்டனில். அதனால் மாதம் இரண்டு முறை ஷானன் விமான நிலையத்திலிருந்து அட்லாண்டிக்கைத் தாண்டிப் போய், நாலு நாளில் திரும்புவாள். மற்றவர்கள் பஸ்ஸுக்குக் கிளம்புவதுபோல அவள் விமானத்துக்குக் கிளம்புவாள்.

பதினான்கு வருடமாக அவள் கானட் விமான நிறுவனத்தில்தான் பறப்பாள். அடிக்கடி பறப்பவர்களுக்கு அவர்கள் தரும் தங்க அட்டை அவளிடம் இருந்தது. வரிசையில் நிற்க வேண்டாம், பெட்டி முதலில் வரும், ஓய்வறையில் சூடாக ஓட்ஸ் கஞ்சி கிடைக்கும். எங்கள் ஊர் வழக்கப்படி அந்தக் கஞ்சியில் விஸ்கியை எவ்வளவு விடுவது என்பதை அங்கே பரிமாறும் ஃபின்பார் அவள் முகத்தைப் பார்த்தே முடிவு செய்வார்.

போன ஜூலையில், மூன்று வருடம் ஊர்சுற்றிவிட்டு நான் சித்தி வீட்டு மாடியறைக்கு வந்து சேர்ந்தபோது, சாப்பாட்டு மேசை முழுக்கக் காகிதமாக இருந்தது. ஒரு பக்கம் கானட்டின் விதிகள், மறுபக்கம் அதன் போட்டியாளரான ஹால்யார்ட்டின் விதிகள். சித்தி மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தாள்.

"இந்த மூணு வருஷத்துல எத்தனை விமானம் ஏறியிருப்ப?"

"ஒரு முப்பது இருக்கும் சித்தி."

"எந்த விமான அட்டைல அதைக் கணக்கு சேர்த்த?"

"எதுலயும் இல்ல. எது மலிவோ அதுல ஏறிடுவேன்."

"முப்பதையும் கடல்ல கொட்டிட்டு வந்திருக்கா பாரு," என்றாள், ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்த கணவர் மாலக்கியிடம்.

மாலக்கி சித்தப்பா எப்போதும் நின்றுகொண்டுதான் இருப்பார். ஆறடி நாலங்குல உயரம். முப்பது வருடம் லாரி ஓட்டி இடுப்பு தேய்ந்து, இரண்டு முறை அறுவை சிகிச்சை செய்தாகிவிட்டது. அரை மணி நேரத்துக்கு மேல் மடங்கி உட்கார முடியாது. அவர்களுடைய ஒரே மகள் ஈமர் பாஸ்டனில் நர்ஸ். அவளுக்கு மே மாதம் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. அமெரிக்காவில் நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கு விண்ணப்பித்திருந்ததால் அவளால் இங்கே வர முடியாது, வந்தால் திரும்ப விடுவார்களா என்று பயம். அப்பாதான் போக வேண்டும். ஏழு மணி நேரம் விமானத்தில் போக வேண்டுமென்றால் அவர் படுத்துக்கொண்டுதான் போக முடியும். படுக்கையாக விரியும் இருக்கைக்கு டிக்கெட் எடுப்பது அவர்கள் சக்திக்கு அப்பாற்பட்டது.

கானட்டின் தங்க அட்டைக்காரர்களுக்கு அந்த இருக்கை கிடைக்கும், ஆனால் புறப்படும் நாளில் மிச்சம் இருந்தால்தான். ஹால்யார்ட் அப்படியில்லை. ஜனவரியிலிருந்து டிசம்பருக்குள் இருபது முறை கடலைத் தாண்டியவர்களுக்கு அவர்கள் ஒரு சலுகைச் சீட்டுத் தருவார்கள். அதைக் காட்டி, மாதங்களுக்கு முன்பே ஒரு படுக்கையை உறுதி செய்யலாம். யார் பெயருக்கு வேண்டுமானாலும் செய்யலாம்.

"ஆகஸ்ட்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் மாசம் ரெண்டு பயணம். போக வர இருபது. சரியா இருக்கு," என்றாள் சித்தி.

"பதினாலு வருஷத்தை விட்டுட்டு, கடைசி வரிசைல போய் நிக்கப்போறியா? வேணாம் நோரீன். நான் கல்யாணத்தை போன்லயே பாத்துக்கறேன்."

"போன்ல பாத்துக்கறதுக்கா அவளைப் பெத்தோம்? வாயை மூடிட்டு டீயைக் குடி."

ஆகஸ்ட்டிலேயே மாறிவிட்டாள். புதிய அட்டை வெறும் நீலம், அதற்கு ஒரு சலுகையும் கிடையாது. ஓய்வறை வாசலில் ஃபின்பார் மறித்தாராம்.

"அடி துரோகி, உன் கஞ்சி ஆறிப்போச்சு!"

"நீயே குடி. கொஞ்சம் சதை போடுவ," என்று சொல்லிவிட்டு வரிசையின் கடைசியில் போய் நின்றாள். கைக்குழந்தைகளுக்கும் கால்பந்துக் கூட்டத்துக்கும் நடுவே மூன்று மாதம் நின்றாள். புலம்பவே இல்லை.

நவம்பர் கடைசியில் ஒரு மாலை கம்ப்யூட்டரில் தன் ஹால்யார்ட் கணக்கைத் திறந்தவள் ஒரு எண்ணைத் திரும்பத் திரும்ப விரலால் தட்டினாள். எட்டிப் பார்த்தேன். பதினாறு இருக்க வேண்டிய இடத்தில் பதினான்கு இருந்தது.

அக்டோபர் பயணம் ஒன்றுக்கு அவசரமாக டிக்கெட் எடுத்திருக்கிறாள். போட்டியாளர்களானாலும் கானட்டும் ஹால்யார்ட்டும் அப்போது ஒரு சில விமானங்களைக் கூட்டாக ஓட்டிவந்தன. எந்த அட்டையின் எண்ணைக் கொடுக்கிறோமோ அதில்தான் பயணம் சேரும். விரல்கள் பழக்கத்தில் கானட்டின் பழைய எண்ணை அடித்துவிட்டன. வீட்டு போன் நம்பர்கூட அவளுக்கு மனப்பாடம் கிடையாது, அந்த எண் மட்டும் தூக்கத்தில் கேட்டாலும் வரும்.

ஹால்யார்ட்டுக்கு போன் செய்தாள். ஒருமுறை ஏறிய கணக்கை மாற்ற முடியாது என்றார்கள். சித்தப்பா அவள் தோளில் கை வைத்தார். சித்தி அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"இரு. வருஷம் இன்னும் முடியல."

டிசம்பர் இருபத்தொன்பதாம் தேதிக்கு மலிவான டிக்கெட் ஒன்று எடுத்தாள். மதியம் ஷானனில் ஏறி, பாஸ்டனில் இறங்கி, அதே விமானத்தில் அன்றிரவே திரும்புவது. நான்தான் காரில் கொண்டுபோய் விட்டேன். ஷானன் விமான நிலையத்திலேயே உட்கார்ந்து பாஸ்போர்ட் பார்க்கும் அமெரிக்க அதிகாரியோடு நடந்த பேச்சை மறுநாள் திரும்பும் வழியில் சொன்னாள்.

"எத்தனை நாள் தங்கப்போறீங்க?"

"அஞ்சு மணி நேரம்."

"எங்க?"

"விமான நிலையத்துல."

"அங்க என்ன வேலை?"

"திரும்பி வர்ற விமானத்துக்குக் காத்திருக்கற வேலை."

அவர் நிமிர்ந்து பார்த்திருக்கிறார். "எத்தனை குறையுது?"

"ரெண்டு."

"இந்த வாரத்துல நீங்க ஆறாவது ஆள்," என்று சொல்லி உள்ளே விட்டாராம்.

ஜனவரி இரண்டாம் வாரம் சலுகைச் சீட்டு வந்தது. அன்றே போன் செய்தாள். நாற்பது நிமிடம் காத்திருந்த பிறகு ஒரு பெண் பேசினாள். மே ஒன்பதாம் தேதி விமானத்தில் ஒரு படுக்கை இருந்தது. சித்தி சித்தப்பாவின் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னாள்.

"நீ எங்க உட்காருவ?" என்றார் சித்தப்பா.

"நாப்பத்தொண்ணாவது வரிசை. கழிப்பறைக்குப் பக்கத்துல."

"எனக்கு யார் ஷூ மாட்டிவிடுவா?"

"அங்க பணிப்பெண் ஒருத்தி இருப்பா. வெட்கப்படாம கேளு."

"விமானத்துக்கு உள்ள போறதுக்கே ரொம்ப தூரம் நடக்கணுமாமே?"

"சக்கர நாற்காலி கேட்டு வாங்கித் தரேன்."

சித்தப்பா முகம் சிவந்தது. "கல்யாணத்தன்னிக்கு ஈமர் கையைப் பிடிச்சு மாப்பிள்ளைகிட்ட கூட்டிட்டுப் போகப்போறவன் நான். என்னைத் தள்ளிட்டுப் போவியா?"

"அப்ப நடந்து பழகு. நாலு மாசம் இருக்கு."

வெளியே தூறிக்கொண்டிருந்தது. அவர் கம்பை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டினார். அந்த முதல் நாள் நடையில் தெருமுனைத் தபால் பெட்டிவரை போனார்.