கூரையில் பனி அகற்றப்பட்டதா? ஆம்

எங்கள் கம்பெனியின் தலைமை அலுவலகம் ஏதோ ஒரு குளிர்தேசத்தில் இருக்கிறது. அங்கே உட்கார்ந்திருக்கும் மகானுபாவர்கள் வருஷா வருஷம் நவம்பரில் குளிர்காலப் பராமரிப்புக்கென்று ஒரு படிவம் அனுப்புவார்கள். எந்த நாட்டுக் குடோனாக இருந்தாலும் ஒரே படிவம்தான். கூரையில் பனி அகற்றப்பட்டதா? நடைபாதையில் உப்பு தூவப்பட்டதா? நான் அபுதாபி வெயிலில், முசஃபாவில் உட்கார்ந்துகொண்டு எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ என்று டிக் அடிப்பேன். ‘இல்லை’ என்று அடித்தால் ஏன் இல்லை என்று இரண்டு பக்கத்துக்கு விளக்கம் எழுத வேண்டும், யாரால் முடியும்? ஒரு வருஷம் உப்புக்கு போட்டோ கேட்டார்கள். மெஸ்ஸில் சமையல் உப்பு ஒரு பாக்கெட் வாங்கி, வாசல்படியில் வைத்துப் படம் எடுத்து அனுப்பினேன். பாராட்டி மெயில் வந்தது.

இங்கே குளிர்காலம் என்றால், வெளியே நின்று வேலை பார்த்தாலும் மயங்கி விழாத நாலு மாசம். சுவருக்குப் பெயின்ட், கூரைக்கு வாட்டர்ப்ரூஃபிங் எல்லாம் அப்போதுதான் நடக்கும். எங்கள் குடோனில் இதையெல்லாம் பார்த்துக்கொண்டவர் ராமநாதபுரத்துக்காரர் ஒருவர். என்னைவிடப் பெரியவர், அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். பதினாலு வருஷமாக அதே கூரை. நான் சூப்பர்வைசர். அதாவது அவர் ஏணியில் ஏறுவார், ஏறினார் என்று நான் எழுதுவேன்.

போன டிசம்பரில் அவர் இரண்டு மாச லீவில் ஊருக்குக் கிளம்பினார். தை மாசம் பெண்ணுக்குக் கல்யாணம். கிளம்புகிற அன்றைக்குத்தான் வாட்டர்ப்ரூஃபிங் முடிந்து, தண்ணீர் கட்டி டெஸ்ட் போட்டிருந்தோம். கூரையில் மழைத்தண்ணீர் இறங்குகிற இரண்டு ஓட்டையையும் துணி சுற்றிய மரக்கட்டையால் அடைத்து, தண்ணீரை நிரப்பி, இரண்டு நாள் விட்டுவிட்டு, கீழே ஒழுகுகிறதா என்று பார்ப்பது. மனுஷன் ஏர்போர்ட்டிலிருந்து எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வாய்ஸ் நோட் அனுப்பினார். ஒன்றே முக்கால் நிமிஷம். அவ்வளவு நேரம் கேட்க நான் என்ன வேலைவெட்டி இல்லாதவனா? கேட்காமலே ஒரு தம்ஸ் அப் போட்டேன்.

இரண்டு நாள் கழித்து கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். சொட்டு ஈரம் இல்லை. டெஸ்ட் பாஸ். படிவத்தை எடுத்து, கூரை வடிகால்கள் சுத்தமாக உள்ளனவா, ஆம். பனி, ஆம். கையெழுத்து. டீ.

பொங்கலுக்கு மறுநாள் மழை கொட்டியது. காலையில் போனால் குடோனுக்குள் தண்ணீர் சத்தம். குடோன் நிறைய என்ன தெரியுமா? டிஷ்யூ பேப்பர். விழுந்த தண்ணீரைத் துடைக்க ஆளே தேவைப்படவில்லை, சரக்கே குடித்துவிட்டிருந்தது. பதினோரு மாசத்துக்குப் பிறகு ஏணியில் ஏறினேன். கூரை முழங்கால் ஆழத்துக்குக் குளம். வாட்டர்ப்ரூஃபிங் அருமையாகத் தாங்கியிருந்தது. தண்ணீர்தான் ஏறி ஏறி, ஏசி பைப் போகிற துளை வழியாக உள்ளே இறங்கிவிட்டது. கையை விட்டுத் தடவினேன், இரண்டு மரக்கட்டையும் வைத்த இடத்திலேயே இருந்தன. பிடுங்கினேன்.

நனைந்த பேன்ட்டோடு அங்கேயே நின்று வாய்ஸ் நோட்டைக் கேட்டேன்.

மத்தியானம் மேனேஜர் கூப்பிட்டார். மனுஷனுக்குத் தமிழ் தெரியாது, எல்லாம் ஹிந்திதான். வடிகால் எப்படி அடைத்துக்கொண்டது என்றார். மணல் சார் என்றேன். மணல் மேல் பழி போட்டால் யாருக்கும் நஷ்டமில்லை என்று நினைத்தேன், அவ்வளவு பெரிய புத்திசாலி நான்.

“வடிகால் சுத்தம் பண்றது யார் டியூட்டி? அந்த லீவுல போன ஆள்தானே? பேரை எழுது. விசாவை கேன்சல் பண்ணிடலாம். கலாஸ், கதை முடிஞ்சது.”

கல்யாணத்துக்கு இன்னும் ஒன்பது நாள். ரிப்போர்ட் தாளில் ‘காரணமானவர்’ என்கிற கட்டம் காலியாக இருந்தது. பேரை எழுதினால் என் வேலை தப்பிக்கும், எழுதாவிட்டால் போவது என்னுடையது. எனக்கு இங்கே பெண்டாட்டி, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள். பேனாவைக்கூட எடுத்துவிட்டேன், பொய் சொல்லக் கூடாது.

அப்புறம் பேனாவை வைத்துவிட்டு போனை எடுத்தேன். வாய்ஸ் நோட்டைப் போட்டு, நிறுத்தி நிறுத்தி, நானே ஹிந்தியில் சொன்னேன். சொந்தத் தூக்குத் தண்டனையை வரிவரியாக மொழிபெயர்த்த புண்ணியவான் நானாகத்தான் இருப்பேன்.

“சார், வெள்ளிக்கிழமை வரைக்கும் தண்ணி நிக்கட்டும். அப்பறம் ரெண்டு கட்டையயும் மறக்காம எடுத்துருங்க. மழ வந்துருச்சுன்னா வம்பாப் போயிரும். நீங்க ஏறிப் பாத்தாத்தேன் எனக்கு நிம்மதி. சின்னவனுக்கு இருமல் நின்னுச்சா சார்?”

கீழே என் தம்ஸ் அப். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

வேலை போகவில்லை. வார்னிங் லெட்டர் வந்தது, சூப்பர்வைசர் பதவி வேறொருவருக்குப் போனது. இனிமேல் படிவத்தில் கையெழுத்துப் போடுகிறவனுக்கு உதவியாக நான் ஏணியில் ஏற வேண்டும். இதெல்லாம் ஊரில் இருந்த அண்ணனுக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டேன். கல்யாணம் நல்லபடியாக நடந்தது.

பிப்ரவரிக் கடைசியில் அவர் திரும்பி வந்தார். கல்யாண லட்டும் அதிரசமும் ஒரு டப்பா நிறைய. உடுப்பு மாற்றக்கூட இல்லை, முதல் கேள்வியே அதுதான்.

“அந்தக் கட்டைய எடுத்துட்டீகள்ல சார்?”

“எடுத்துட்டேன்ணே.”

“எனக்குத் தெரியும் சார். நீங்கதான் அன்னைக்கே தம்ஸ் அப் போட்டுட்டீகளே. அதப் பாத்துட்டுத்தேன் ஒரு கவலையும் இல்லாம கல்யாண வேலையப் பாத்தேன்” என்று சொல்லி, ஒரு லட்டை எடுத்து என் கையில் வைத்தார்.