ஒன்பதாம் மேசையின் முப்பத்தோரு நாள்

மாரிவிக்கிடம் உன் வாழ்க்கையில் நல்ல காலம் எது என்று கேட்டால், கல்யாணம் ஆன வருஷத்தைச் சொல்லமாட்டாள். பிள்ளை பிறந்ததையும் சொல்லமாட்டாள். அப்போது புருஷன் சூரை மீன் பிடிக்கக் கடலுக்குப் போயிருந்தான், வலியோடு ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடித்தது அவளேதான். இரண்டாயிரத்து நாலு, ஜூன் பன்னிரண்டு முதல் ஜூலை பன்னிரண்டு வரை என்பாள். மொத்தம் முப்பத்தோரு நாள். அத்தனை நாளும் அவள் செய்ததெல்லாம் வெந்த மீனைச் சுரண்டியதுதான்.

ஜெனரல் சாந்தோஸ் ஊர்த் துறைமுகத்தை ஒட்டிய டின் மீன் கம்பெனி அது. ஒன்பதாம் மேசையில் எட்டுப் பெண்கள். வெந்து வரும் சூரையின் தோலை உரித்து, முள் எடுத்து, கறுப்புச் சதையைக் கத்தியால் வழித்துத் தள்ள வேண்டும். எட்டுப் பேர் தலையிலும் மஞ்சள் தொப்பி. எதிர் மேசையில் அதே மீனை, அதே மாதிரிக் கத்தியால், இன்னும் கொஞ்சம் சாவகாசமாகச் சுரண்டியவர்கள் தலையில் வெள்ளைத் தொப்பி. வெள்ளை என்றால் கம்பெனியின் நிரந்தர ஆள், மஞ்சள் என்றால் ஏஜென்சி அனுப்பிய ஆள். வெள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் சம்பளத்தோடு வீட்டில் படுக்கலாம். கிறிஸ்துமஸுக்கு ஒரு மூட்டை அரிசி உண்டு. மஞ்சளுக்குக் காய்ச்சல் வரக் கூடாது. ஒரு நாள் வந்தால் அன்றைய கூலி போச்சு, மூன்று நாள் வந்தால் வேலையே போச்சு.

ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று சட்டம் இருந்தது. சட்டம் எழுதியவர்கள் ஆறு வரை எண்ணினார்கள், ஏஜென்சிக்காரர்கள் ஐந்து வரை எண்ணினார்கள். ஐந்தாம் மாதத்தின் கடைசி நாளில் வேலை முடிந்தது என்று கடிதம் வந்துவிடும். அதற்கு அந்த ஊரில் பெயர் 'எண்டோ'. ஒரு வாரம் வீட்டில் இருந்துவிட்டு, சொந்தக் காசில் நெஞ்சு எக்ஸ்ரே, போலீஸ் சான்றிதழ், இரண்டு போட்டோ எல்லாம் எடுத்துக்கொண்டு போய் நின்றால், அதே மேசையில் மறுபடி முதல் நாள் சம்பளம். மாரிவிக் இப்படிப் பத்து முறை புதுசாகச் சேர்ந்தவள். பத்தாவது முறை சேர்ந்தபோது கத்தி பிடிப்பது எப்படி என்று அவளுக்கு வகுப்பு எடுத்த மேற்பார்வையாளருக்குக் கத்தி பிடிக்கக் கற்றுக்கொடுத்ததே அவள்தான்.

கடிதம் கொண்டுவருகிறவர் செல்சோ. ஏஜென்சியின் ஆபீஸ் ஒரு பஞ்சர் கடையின் மாடியில் ஒற்றை அறை. முதலாளி தாவோ நகரத்தில் சுகமாக இருந்தார். இங்கே எழுத்தர், காவல்காரர், கணக்கப்பிள்ளை எல்லாம் செல்சோ ஒருவர்தான். யாருக்கு எப்போது ஐந்து மாதம் முடிகிறது என்பதும் அவர் தலைக்குள்தான் இருந்தது. எண்டோ நாளில் மோட்டார் சைக்கிளில் வருவார். ஒரு கையில் கடிதக் கட்டு, மறு கையில் அவர் அம்மா ரெமெதியோஸ் ஆவியில் அவித்துக் கொடுத்த அரிசிப் பலகாரமான புத்தோ, வாழையிலை போட்ட பெட்டியில் சுடச்சுட. வேலையை விட்டு அனுப்புகிறவன் வெறுங்கையோடு போகக் கூடாது என்பது அந்தம்மாளின் கட்டளை.

"சார், புத்தோவை இப்பக் குடுங்க. கடுதாசி அடுத்த மாசம் வரட்டும்" என்பாள் பெர்லா. மேசையிலேயே மூத்தவள், வாய்க்காரி.

"என் கடுதாசியையும் எவனாவது அப்படித் தள்ளிப்போட்டா நல்லாத்தான் இருக்கும்க்கா. நானும் அஞ்சு மாசத்து ஆளுதான்" என்பார் செல்சோ. அது உண்மை. ஆட்களை அனுப்புகிறவருக்கே அங்கே நிரந்தரம் இல்லை.

அந்த வருஷம் ஜூன் பதினொன்றாம் தேதி ஐந்து மாதம் முடிந்தது. வழக்கம்போல எட்டுப் பேரும் காசு போட்டு வழியனுப்பு விருந்துக்குப் பான்சித் நூடுல்ஸ் கிண்டிக் கொண்டுவந்திருந்தார்கள். மோட்டார் சைக்கிள் வரவில்லை. மணி அடித்தது, கடிதமும் இல்லை, புத்தோவும் இல்லை. வழியனுப்ப ஆளில்லாத விருந்தை அவர்களே தின்று தீர்த்தார்கள். மறுநாள் காலை மாரிவிக் தன் வருகைக் கார்டை இயந்திரத்தில் விட்டாள். இயந்திரம் ஒன்றும் கேட்காமல் கடித்துக் கொடுத்தது.

மேசையில் சின்னவளான ஜின்கிதான் விஷயத்தைக் கொண்டுவந்தாள். செல்சோவின் அம்மாவுக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய், ஒரு மாதமாக மகனும் ஆஸ்பத்திரியே கதி என்று கிடக்கிறாராம்.

பெர்லா கத்தியைக் கீழே வைத்தாள். "அப்ப மனுஷன் நம்மள மறந்தே போயிட்டாரு. எல்லாரும் காதைத் தொறந்து கேட்டுக்குங்க. ஜூலை பன்னெண்டு காலையில கார்டு அடிச்சிட்டோம்னா ஆறு மாசம் தாண்டியாச்சு. அதுவரைக்கும் ஒருத்தி லீவு போடக் கூடாது. ஒருத்தி சண்டை பிடிக்கக் கூடாது. நம்ம பேர் எந்தக் காகிதத்துலயும் ஏறக் கூடாது. தும்மல் வந்தாக்கூட மூக்கைப் பிடிச்சிக்குங்க."

இப்படித்தான் அந்த முப்பத்தோரு நாள் தொடங்கியது. ஜின்கி விரலை வெட்டிக்கொண்டு, மருந்தறைக்குப் போகாமல் கையுறைக்குள் துணியைச் சுற்றி மறைத்தாள். அவள் பங்கு மீனை மற்ற ஏழு பேரும் இழுத்துப் போட்டுச் சுரண்டினார்கள். ஒரு குடும்பத்தில்கூட அவ்வளவு ஒற்றுமையை மாரிவிக் கண்டதில்லை. சாப்பாட்டு வேளையில் தலைகளைச் சேர்த்துக்கொண்டு, நிரந்தரமானதும் முதலில் என்ன செய்வது என்று பேசுவார்கள்.

"நான் முதல்ல ஒரு காய்ச்சல் போடப்போறேன்" என்றாள் பெர்லா. "மூணு நாளு. போர்வையைப் போத்திக்கிட்டு டிவி பாக்கணும். சம்பளம் அது பாட்டுக்கு ஏறணும்."

"உனக்கு எங்கக்கா காய்ச்சல் வரும்? உன் வாயைப் பாத்தாலே ஓடிப்போயிடும்" என்றாள் ஜின்கி.

மாரிவிக்கின் ஆசை சின்னது. மகனின் பள்ளிக்கூடப் படிவத்தில் அம்மா வேலை செய்யும் இடம் என்ற கட்டத்தில், இதுவரை பென்சிலால் எழுதியதை ஒரு முறை பேனாவால் எழுத வேண்டும். சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். அந்த நாட்களில் வேலை அதேதான், கூலியும் அதேதான். நாளைக்கு நமக்கும் வரும் என்கிற நினைப்பு ஒன்றுதான் புதுசு.

ஜூலை முதல் தேதி ரெமெதியோஸ் அம்மாள் இறந்துபோனாள்.

அங்கே தெரிந்தவர் வீட்டில் சாவு என்றால் சவப்பெட்டி வீட்டில் இருக்கும் நாட்களில் போய்த் தலைகாட்ட வேண்டும். ஒரு உறையில் பெயர் எழுதி, முடிந்ததைப் போட்டுக் கொடுக்க வேண்டும். போகாதவளை மனுஷியாக மதிக்கமாட்டார்கள். போனால் செல்சோ முகத்தைப் பார்ப்பார், முகத்தைப் பார்த்தால் தேதி ஞாபகம் வரும். அடக்கம் ஏழாம் தேதி. எட்டாம் தேதி அவர் ஆபீசில் இருப்பார்.

"யாரும் போகப்போறதில்ல" என்றாள் பெர்லா.

"அந்தம்மா கையால பத்துத் தடவை தின்னிருக்கோம்க்கா" என்றாள் மாரிவிக்.

"பத்துத் தடவையும் வேலை போன அன்னைக்குத்தானே தின்னோம்? செத்தவங்களுக்கு நீ வந்தது தெரியவா போகுது? என் மூணு பிள்ளைக்குத் தெரியும்டி, அவங்க ஆத்தாளுக்கு வேலை போனா."

ஆனாலும் மாரிவிக் ஞாயிற்றுக்கிழமை மதியம் தனியாகப் போனாள். உறையில் பெயர் எழுதவில்லை. கும்பலோடு கும்பலாகப் பெட்டியைப் பார்த்துவிட்டு நழுவிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள். ஆனால் கண்ணாடிக்குக் கீழே அந்த முகத்தைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. சத்தம் கேட்டு செல்சோ திரும்பினார்.

"மாரிவிக்? வந்ததுக்கு ரொம்ப..." என்று தொடங்கியவர் நிறுத்தினார். "இப்ப எந்த ஏஜென்சியில இருக்கே?"

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சவப்பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டு அவளுக்கு வாய் வரவில்லை.

"உங்ககிட்டதான் சார்."

செல்சோவின் கட்டைவிரல் மற்ற விரல்களின் மேல் ஒவ்வொன்றாக நகர்ந்தது. ஜனவரி, பிப்ரவரி என்று எண்ணுகிறார் என்பது அவளுக்கே தெரிந்தது. ஒன்பதாம் மேசை மொத்தத்தையும் தன் அழுகையால் கவிழ்த்துவிட்டோம் என்று நினைத்தாள். கால் தன்னால் வாசலுக்கு நடந்தது.

செல்சோ பின்னாலேயே வந்தார். துக்க வீட்டுக்காரர் வந்தவரை வழியனுப்பப் போகக் கூடாது, சாவு கூடவே போகும் என்பார்கள். "டேய், எங்கடா போறே, உள்ள வா" என்று ஒரு கிழவி கத்தினாள். அவர் கேட்கவில்லை. கேட் வரைக்கும் வந்தார்.

"என் தங்கச்சி ரியாத்ல இருந்து வரணும். அவ வராம எடுக்க முடியாது. அடக்கம் பதிமூணாம் தேதி, செவ்வாய்க்கிழமைக்குத்தான். அதுவரைக்கும் நான் ஆபீஸ் பக்கமே போகமாட்டேன்." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "உன் மேசைக்காரங்ககிட்டயும் சொல்லிடு."

அடுத்த எட்டு நாளும் மாரிவிக் முகம் தெரியாத அந்தத் தங்கச்சிக்காகவே ஜெபம் செய்தாள். விமானம் தாமதமாகட்டும் என்றும் வேண்டிக்கொண்டாள். பெர்லா இரண்டு நாள் அவளோடு பேசவில்லை, மூன்றாம் நாள் தன் பங்கு வறுத்த மீனை எடுத்து அவள் தட்டில் வைத்தாள். பன்னிரண்டாம் தேதி காலை எட்டுக் கார்டும் வரிசையாக இயந்திரத்தில் கடிபட்டன. எட்டாவது கார்டு ஜின்கியுடையது. அவள் அதற்கு முத்தம் கொடுத்தாள்.

வெள்ளைத் தொப்பி மறுநாளே தலையில் ஏறிவிடவில்லை. கம்பெனி ஏஜென்சியைக் காட்டியது, ஏஜென்சி கம்பெனியைக் காட்டியது. தொழிலாளர் அலுவலகத்துப் படிகளில் இரண்டு வருஷம் அந்தக் கார்டுகளோடு ஏறி இறங்கித்தான் வாங்கினார்கள். செல்சோவின் ஐந்து மாதம் அந்த ஆகஸ்டில் முடிந்தது, முதலாளி அவரை மறுபடி கூப்பிடவில்லை. ஆனால் அதெல்லாம் பின்னால் நடந்தது. மாரிவிக் சொல்லும்போது அதையெல்லாம் அவசரமாகத் தாண்டிவிட்டு, அடக்கம் நடந்த செவ்வாய்க்கிழமையில் வந்து நிற்பாள்.

ஷிப்ட் முடிந்து எட்டுப் பேரும் மீன் வாடையோடு கல்லறைக்குப் போனார்கள். நன்றி சொல்ல வேண்டும் என்று மாரிவிக் ரியாத் தங்கச்சியைத் தேடினாள். காணவில்லை. குடை பிடித்து நின்ற பக்கத்து வீட்டுக் கிழவியிடம் கேட்டாள்.

"எந்தத் தங்கச்சி?" என்றாள் கிழவி. "ரெமெதியோஸ் பெத்தது இவன் ஒருத்தனைத்தான். ஆறு நாள் கூட எதுக்கு வச்சிருந்தான்னு எங்களுக்கே விளங்கல. வர்றவங்களுக்குக் காபி, பிஸ்கட், உடம்பு கெடாம இருக்க மருந்துன்னு மோட்டார் சைக்கிளையே வித்துட்டான், பைத்தியக்காரன்."

மாரிவிக் பெர்லாவின் காதில் சொன்னாள். பெர்லா கும்பலை விலக்கிக்கொண்டு போய், குழி ஓரத்து ஈரமண்ணில் மண்டியிட்டு, "அம்மா, அம்மா" என்று மார்பில் அடித்துக்கொண்டு அழத் தொடங்கினாள். செல்சோ குனிந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டார்.

ஜெபம் சொல்ல வந்த வெளியூர்ப் பாதிரியார் மாரிவிக்கின் பக்கம் சாய்ந்து, "இறந்தவங்களுக்கு அவங்க மகளா?" என்று மெல்லக் கேட்டார்.

"ஆமாம் ஃபாதர்" என்றாள் மாரிவிக். "ரியாத்ல இருந்து வந்திருக்கா."