தூக்கினால் திறக்கிற மதகு

சிங்கப்பூரில் இருந்த அண்ணன் எனக்கு அங்கே ஒரு கடையில் விற்பனை வேலை பார்த்து வைத்திருந்தான். "கையில இருக்கிற நகை ஆர்டர முடி. அது சரியா வரலன்னா பேசாம கிளம்பி வா" என்றான். சரி என்று சொல்லிவிட்டேன். சரியாக வராமல் போய்விடுமா என்கிற வாய்க்கொழுப்பு.

ஆர்டர் கொடுத்தவர் குடவாசலில் எங்கள் தெரு முஸ்லிம் அக்கா. கணவர் துபாயில். இவரும் அங்கேயே போய்விடப் போகிறார். நம்மூர் வாய்க்கால் மதகு மாதிரி ஒரு பதக்கம் வேண்டும் என்றார். வெள்ளியில் செய்தேன். மதகுப் பலகையை நகத்தால் தூக்கினால் உள்ளிருந்து மூன்று குட்டி நெல்மணிகள் சரிந்து வெளியே தொங்கும். பலகை சிக்காமல் ஏறி இறங்க நான் அராவிய அராவலில் விரல் நுனியெல்லாம் காய்த்துப்போனது.

மெருகு போடக் கும்பகோணத்தில் ஒரு பத்தரிடம் கொடுத்தேன். அசைகிற நகை என்று அவரிடம் சொல்லவில்லை. விளையாட்டுச் சாமானா செய்கிறாய் என்று சிரித்துவிடுவாரோ என்று கூச்சம்.

மறுநாள் காலையில் போனேன். பதக்கம் பளபளவென்று இருந்தது. பலகை மட்டும் அசையவில்லை.

"பலகை ஆடுச்சும்மா. உள்ள வேற கலகலன்னுச்சு. பொடி வச்சு ஊதி, ஆடாம ஒட்டிப் பத்தவச்சுட்டேன். அதுக்குக் கூலி வேணாம்" என்றார்.

நகையைக் காதருகே ஆட்டிப் பார்த்து, சத்தம் வந்தால் திருப்பிக் கொடுக்கிற ஊர் இது. பாவம், அவர் என் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ஆத்திரம் அவர்மேல் இல்லை, வாயைத் திறக்காத என்மேல்.

அடுத்த நாளே அக்கா துபாய்க்குக் கிளம்புகிறார். "உங்க ரம்பத்தக் குடுங்க" என்று பட்டறையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அறுத்ததில் பலகை பாழானது. புதுத் தகட்டில் இன்னொன்று வெட்டினேன். நெல்மணிகளில் ஒன்று உருகிப்போயிருந்தது. பத்தர் சாப்பிடக் கூப்பிட்டார், எழுந்திருக்கவில்லை. பலகை பாதியில் சிக்கியது, அராவினேன். மறுபடி சிக்கியது, மறுபடி அராவினேன். பொழுது சாய்கிற நேரத்தில் வழுக்கிக்கொண்டு ஏறியது.

பத்தர் வாங்கித் தூக்கினார், இறக்கினார், மறுபடி தூக்கினார்.

"ஆடுறதுதான் வேலைன்னு மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"சிரிப்பீங்கன்னு நெனச்சேங்க."

"சிரிச்சிருப்பேன். பத்தவச்சிருக்க மாட்டேன்."

மூன்றுக்குப் பதில் இரண்டு நெல்மணி. அக்கா இதை வாங்கிக்கொள்வாரா என்று தெரியாது. பஸ் ஸ்டாண்டு பூத்தில் நுழைந்து அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"என்ன, ஆர்டர் சரியா வந்துச்சா?"

"நாளைக்குத்தான் குடுக்கணும். அவங்க வேணாம்னு சொன்னாலும் நான் வரலண்ணே. அந்த வேலைய வேற யாருக்காவது சொல்லிடு."