காற்று புகுந்த கடல் தண்ணீர்

என் வீட்டுக்காரர் பஞ்சநதத்தைப் பற்றி ஆடுதுறைப் பக்கம் யாரிடம் கேட்டாலும், நல்ல மனுஷன், ஆனால் சந்தேகப் பிராணி என்பார்கள். எனக்கு அது பெண் பார்க்க வந்த அன்றே தெரியும். போட்டோவில் இருப்பது நான்தானா என்று என் தம்பியைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்த ஆள் இவர். என்னிடமே கேட்டிருக்கலாம், எதிரில்தானே காப்பித் தட்டோடு நின்றேன்! நேராகக் கேட்கிற பழக்கமே கிடையாது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பார்க்கிற மிஷினைக்கூட நம்பாமல், அதே நெல்லைப் பக்கத்து வயல்காரரிடம் கொடுத்து மறுபடி பார்க்கச் சொன்னவர்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் சந்தேகத்தை நான் குறை சொல்ல மாட்டேன். வயலுக்கு அடியில் மீத்தேன் இருக்கிறது, எடுக்கப் போகிறோம் என்று ஆட்கள் வந்த காலத்தில் மறியலில் உட்கார்ந்து கைதானவர். நாள் முழுக்க ஒரு கல்யாண மண்டபத்தில் அடைத்து வைத்திருந்தார்கள். அதிலிருந்து எங்கள் வீட்டில் மீத்தேன் என்ற வார்த்தையைச் சொன்னால் யாருக்கும் சோறு இறங்காது.

அதை எங்கள் மகள் மதிவதனியே வீட்டுக்குள் கொண்டுவந்தாள். தஞ்சாவூரில் ஒரு ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வேலை. கடல் தண்ணீரில் கரைந்திருக்கிற வாயுக்களை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்ற மிஷின் தனித்தனியாகப் பிரித்து, எது எவ்வளவு என்று சொல்லிவிடுமாம். ஒரு சனிக்கிழமை தரங்கம்பாடியில் படகேறித் தண்ணீர் பிடித்து வந்தாள். மறுநாள் லேப் பூட்டியிருக்கும் என்று பாட்டில்களை எங்கள் ஃப்ரிட்ஜில் வைத்தாள்.

"யாரும் தொடாதீங்கம்மா. துளி காத்து உள்ள போனாலும் அவ்வளவும் வீணு."

"அப்படி என்னடி இருக்கு அதுல?"

"மீத்தேன் எவ்வளவு இருக்குன்னு பாக்கணும்மா."

கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் குளிக்கப் போனதும் என்னிடம் வந்து, "தங்கமணி, எந்தக் கம்பெனிக்கு வேலை பாக்குறா இவ?" என்றார்.

"பெத்த பொண்ணையுமா சந்தேகப்படுவீங்க?" என்று சீறினேன். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் அதே சந்தேகம் வந்தது. காரணம் இல்லாமல் யாராவது கடல் தண்ணீரைச் சுமந்துகொண்டு அலைவார்களா?

திங்கட்கிழமை பாட்டில்களை எடுத்துப் போனவள், சாயங்காலம் வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அப்பா, பாட்டிலத் தெறந்தீங்களா?"

"நானா? எனக்கு அங்க என்ன வேலை?"

"எல்லாத்துலயும் வெளிக்காத்து புகுந்திருக்கு. மிஷின்ல நைட்ரஜன், ஆர்கான் எல்லாம் தாறுமாறா காட்டுது. மூடி தானா தெறந்துக்காதுப்பா."

அடப்பாவி மனுஷா! ஞாயிற்றுக்கிழமை நானும் அவளும் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தோம். வீட்டில் தனியாக இருந்தது இவர்தான். நான் முறைத்த முறைப்பில் ஒத்துக்கொண்டார்.

"ஆமா, தெறந்தேன். இருக்குன்னு தெரிஞ்சா வந்துடுவானுங்க. காஸ் எல்லாம் போவட்டும்னு தெறந்து வெச்சு மூடினேன். நீ யாருக்காகம்மா அளக்குற?"

மதிவதனி அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"நமக்காகத்தான்ப்பா. கடல்ல காஸ் எடுக்கத் துளை போட ஒரு கம்பெனி வந்திருக்கு. அவங்க தோண்டுறதுக்கு முன்னாடி தண்ணியில மீத்தேன் எவ்வளவு இருந்துச்சுன்னு நம்ம கையில கணக்கு இருக்கணும். இருந்தாத்தான் நாளைக்குக் கசிஞ்சா அவங்களக் கேக்க முடியும். இன்னிக்குக் காலையில தோண்ட ஆரம்பிச்சுட்டாங்க. இனிமே எத்தன பாட்டில் புடிச்சாலும், அது தோண்டினதுக்கு அப்புறம் எடுத்ததுதான்."

எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது. அந்த மனுஷனுக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது. எந்த மாதிரி ஆட்களை எதிர்த்து மண்டபத்தில் அடைபட்டுக் கிடந்தாரோ, அதே மாதிரி ஆட்களைக் கேள்வி கேட்பதற்கான சாட்சியைத் தன் கையாலேயே அழித்திருக்கிறார்.

"யாரு தெறந்தான்னு கேட்டா உங்கப்பன்னு சொல்லிடும்மா," என்றார் கடைசியில். "நாளைக்கு நானே வந்து உங்க சார்கிட்ட சொல்றேன்."

"வேணாம்ப்பா. நான்தான் மூடியச் சரியாப் போடலன்னு மத்தியானமே சொல்லிட்டேன். இனிமே என்னைக் கடலுக்கு அனுப்ப மாட்டாங்க."