நாறுதா, மணக்குதா?

என்னோடு இருபது வருஷமாக லிஃப்ட் மெக்கானிக் வேலை பார்ப்பவனுக்குக் கம்பெனியில் பெயர் ‘பதினாலு பி’. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருக்கிறது.

வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் அவன் விமானம் ஏறினான். வெளிநாட்டில் இருக்கும் மகளுக்குப் பிள்ளை பிறந்திருந்தது, பார்க்கப் போனான். டிக்கெட்டோடு சாப்பாடு கிடையாது. உள்ளே வாங்கினால் யானை விலை. அதனால் அவன் பெண்டாட்டி நாலு முட்டையை அவித்து, மிளகும் உப்பும் தூவி, டப்பாவில் போட்டுக் கொடுத்தாள். இவனுக்குப் பதினாலு பி, நடு இருக்கை. மடியில் துண்டை விரித்து, டப்பாவைத் திறந்து, தான் வாயில் வைப்பதற்கு முன்னால் ஜன்னலோர ஆளிடம் நீட்டினான்.

“எடுத்துக்கோங்க சார்.”

அந்த ஆள் மூக்கைப் பொத்திக்கொண்டான். “நாறுது, மூடுய்யா!”

மணியடித்துப் பணிப்பெண்ணையும் கூப்பிட்டான். அந்தப் பெண் பாவம், “சாப்பிடக் கூடாதுன்னு ரூல் இல்ல சார், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கிறீங்களா?” என்று இவனிடம் கெஞ்சினாள். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தன் சிரித்தான். இவன் மூடிவிட்டான். ஐந்து மணி நேரம் வெறும் தண்ணீர். இறங்கியதும் முட்டைகள் குப்பைத் தொட்டிக்குப் போயின.

என்னைக் கேட்டால், அடைத்த இடத்தில் முட்டை டப்பாவைத் திறந்தது தப்புதான். ரொட்டி, பழம் என்று கொண்டுபோயிருக்கலாம். “தலை சுத்துதுங்க, அப்புறம் சாப்பிடுறீங்களா?” என்று அந்த ஆள் கேட்டிருந்தால் இவன் மன்னிப்பும் கேட்டிருப்பான். ஆனால் நீட்டிய கையைப் பார்த்து நாறுது என்றால்? அதுவும் பெண்டாட்டி கையால் செய்ததை? அந்தச் சொல் இவன் நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது.

இரண்டு வருஷம் கழித்து, வாரம் ஒருமுறை ஓர் ஆறு மாடிக் கட்டடத்தின் பழைய லிஃப்டைப் பார்க்கும் வேலை எங்களுக்கு வந்தது. ஆறாவது மாடியில் மேனேஜர், அதே ஆள். காதோரம் மச்சம். இவன் என் கையை இறுக்கிப் பிடித்தான்.

“அவன்தான்டா.”

அந்த ஆளுக்கு இவனை அடையாளம் தெரியவில்லை. எண்ணெய்ச் சட்டைக்காரன் முகத்தை எவன் பார்க்கிறான்? அன்றிலிருந்து வியாழக்கிழமை என்றால் இவன் டப்பாவில் முட்டைதான்.

“என்னடா பண்ணப்போற?”

“மணக்குதுன்னு அவன் வாயால சொல்லணும். அவ்வளவுதான்.”

எட்டு மாதம் காத்திருந்தான். ஒரு வியாழன் மத்தியானம், அந்த ஆள் மட்டும் உள்ளே இருக்க, நாலாம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றது. சத்தியமாக இவன் நிறுத்தவில்லை. கதவுப் பூட்டில் தூசி, பத்து நிமிஷ வேலை. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு லிஃப்டின் கூரைமேல் இறங்கினான். நான் ஐந்தாம் மாடி வாசலில் டார்ச் பிடித்தேன். கூரையில் காற்றுக்கு ஓர் ஓட்டை உண்டு. அதன் பக்கத்தில் சம்மணம் போட்டு டப்பாவைத் திறந்தான்.

“யாருய்யா மேல? சீக்கிரம் திற! என்ன நாத்தம் இது?”

“முட்டை சார். போன தடவையும் இதத்தான் சொன்னீங்க.”

“எந்தத் தடவை?”

“பிளைட்ல. நான் பதினாலு பி. நீங்க ஜன்னல்.”

இவன் முதல் முட்டையை நிதானமாக மென்றான்.

“உன் வேலைய காலி பண்ணிடுவேன்!”

“தாராளமா. அதுக்கு நீங்க வெளிய வரணுமே சார்.”

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, டார்ச் வெளிச்சம் ஆடியது. இரண்டாவது முட்டையும் உள்ளே போயிற்று.

“நாறுதா, மணக்குதா? அவசரமில்ல, இன்னும் ரெண்டு இருக்கு.”

“மணக்குதுய்யா... திற!”

“சத்தமா சார். என் பொண்டாட்டிக்குக் கேக்கணும்.”

“மணக்குது! மணக்குது!”

டப்பாவை மூடிவிட்டுத்தான் தூசியைத் துடைத்தான்.

புகார் போனது. பத்து நாள் வீட்டில் உட்கார வைத்து, வேறு கட்டடத்துக்கு மாற்றினார்கள். வருத்தமா? ஒரு சுற்றுப் பெருத்து வந்தான்.

அந்தக் கட்டடத்துக்கு இப்போது நான் தனியாகப் போகிறேன். டப்பாவோடு லிஃப்ட் வாசலில் என்னைப் பார்த்தால் அந்த ஆள் படியேறிப் போய்விடுகிறான். ஆறு மாடி. முட்டி வலி வேறு. அதனால் வியாழன் தவறாமல் முட்டைதான் கொண்டுபோகிறேன்.

எனக்கு முட்டை பிடிக்காது.